சார்ஜன்டின் பூட்டனும் என் மனுசனின் பெயரும்

சிட்னியில், பரமட்டாவின் பெரிய உடுப்புக் கடை ஒன்றில் ஒரு குளிர்ச்சட்டையின் தையலைப் புரட்டிப் பார்த்தேன். அவ்வளவுதான். திரும்பினால் நாலு வயது மகளைக் காணவில்லை.

எழுபதுகளின் நடுப்பகுதி. யாழ்ப்பாணத்திலிருந்து சிட்னிக்கு வந்து ஒரு குளிர்காலம்கூட முழுதாக முடியவில்லை. என் மனுசன் வேலை விஷயமாக மெல்பேர்னுக்குப் போயிருந்தார். எனக்கு ரயில் ஏறத் தெரியும், கடையில் பாண், பால் வாங்கத் தெரியும். வேறொன்றும் தெரியாது.

கடை முழுக்கத் தேடினேன். உடுப்பு மாற்றும் அறைகளின் திரைகளை இழுத்துப் பார்த்து இரண்டு வெள்ளைக்காரிகளிடம் ஏச்சு வாங்கினேன். வாங்கினால் என்ன, பிள்ளையைக் காணோமே. வெளியே ஓடினால் வரிசையாகக் கார்களும் பஸ்களும். பத்திரிகை விற்கிற கிழவர் ஒருவர்தான் சொன்னார், சின்னப் பிள்ளை ஒன்று ரயில் மேடையில் தனியாக நின்றதாம், பொலிஸ் கூட்டிப் போனதாம். வழியைக் கேட்டுக்கொண்டு செருப்பைக் கையில் எடுத்து ஓடினேன்.

பொலிஸ் ஸ்டேஷனில் மேசைக்குப் பின்னால் ஓர் இளம் பொலிஸ்காரன் இருந்தான். பிள்ளை உள்ளே இருக்கிறாள், அழுது களைத்து நித்திரையாகிவிட்டாள் என்றான். உயிர் வந்தது. உள்ளே போக அடியெடுத்து வைத்தேன். அவன் கையைக் காட்டி மறித்து, முன்னால் கிடந்த கதிரையில் இருக்கச் சொன்னான்.

“பிள்ளையின் முழுப்பெயர்?”

மகளின் பெயரைச் சொன்னேன்.

“குடும்பப் பெயர்?”

அங்கேதான் என் வாய் பூட்டிக்கொண்டது. எங்களிடம் குடும்பப் பெயர் என்று ஒன்று ஏது? பிள்ளையின் பெயரோடு தகப்பனின் பெயர் வரும். மகளின் குடும்பப் பெயர் என்று இவர்கள் கேட்பது என் மனுசனின் சொந்தப் பெயர். அந்தப் பெயரைக் கல்யாணம் முடித்த நாளிலிருந்து நான் வாயால் சொன்னதே இல்லை. பெண்சாதி சொன்னால் புருசனுக்கு ஆயுள் குறையும் என்று கேட்டு வளர்ந்தவள் நான். கூப்பிட வேண்டுமென்றால் “இஞ்சருங்கோ” என்பேன். மற்ற ஆட்களிடம் “இவர்” என்பேன். அது போதும், நன்றாகவே குடும்பம் நடந்தது.

“உன் பெயராவது சொல்” என்றான். என் பெயரையும் என் அப்பாவின் பெயரையும் சொன்னேன். என் பாஸ்போர்ட்டில் அப்படித்தான். அவன் முகம் மாறிவிட்டது. பிள்ளை ஏற்கெனவே தன் முழுப்பெயரைச் சொல்லியிருந்தாள். தொலைந்துபோனால் சொல்லவேண்டும் என்று தகப்பன்தான் பாடமாக்கிக் கொடுத்தது. அவள் சொன்ன பெயர் வேறு, நான் சொன்ன பெயர் வேறு.

“தகப்பனின் பெயராவது தெரியுமா?”

“தெரியும். எழுதித் தரட்டுமா?”

“உன் பிள்ளையின் பெயரைச் சொல்ல எதற்கு எழுத வேண்டும்?”

அவன் என்னை மேலும் கீழும் பார்த்தான். கடவுளே, பிள்ளை பிடிக்க வந்தவள் என்று நினைக்கிறான் என்று விளங்கியது. இனிப் பிள்ளையைத் தரமாட்டார்கள், எங்கேயோ ஒரு விடுதியில் கொண்டுபோய் விட்டுவிடுவார்கள்.

அவன் உள்ளே போய் சார்ஜன்டைக் கூட்டிவந்தான். சிவந்த முகம், நரைத்த புருவம், பெரிய உடம்பு. சட்டையில் பெயர் குத்தியிருந்தது. அவரும் கதிரையை இழுத்துப் போட்டு அதே கேள்வியைத்தான் கேட்டார். பயம் முற்றினால் எனக்குக் கோபம் வரும், அது என் பிறவிக் குணம்.

“உங்கள் பெயர் மட்டும் யாருடைய பெயர்?” என்று கேட்டேன். கேட்ட பிறகுதான் நாக்கைக் கடித்தேன். இனிச் சிறைதான் என்று நினைத்தேன்.

சார்ஜன்ட் தன் நெஞ்சில் குத்தியிருந்த பெயரைக் குனிந்து பார்த்தார். பிறகு, “யாரோ ஒருவனுடைய பெயர்தான்” என்றார்.

அயர்லாந்தில் முன்னொரு காலத்தில் அப்படி ஒருவன் இருந்தானாம். வீரனா மாட்டுத் திருடனா, யாருக்கும் தெரியாது. அவனுடைய வழியில் வந்தவர்கள் எல்லாரும் பெயருக்கு முன்னால் ‘இன்னாருடைய பேரன்’ என்று பொருள்படும் ஒரு துண்டைச் சேர்த்துக்கொண்டார்களாம். பஞ்சம் வந்து உருளைக்கிழங்கு அழுகிப்போன காலத்தில் இவருடைய பூட்டனும் பூட்டனின் தம்பியும் கப்பல் ஏறினார்கள். சிட்னியில் இறங்கிய பூட்டன், ஐரிஷ்காரன் என்றால் வேலை தரமாட்டார்கள் என்று பயந்து அந்த முன்துண்டை வெட்டிவிட்டார். தம்பி மெல்பேர்ன் பக்கம் தங்கம் தோண்டப் போனவர். அவர் வெட்டவில்லை.

“போன வருடம் மெல்பேர்னில் அந்தத் தம்பி வழி ஆட்களின் ஒரு செத்தவீட்டுக்குப் போனேன்” என்றார். “வாசலில் பெயரைக் கேட்டார்கள். சொன்னேன். நீ எங்கள் குடும்பம் இல்லை என்றார்கள். அங்கே நின்றவர்கள் எல்லாருக்கும் என்னுடைய இதே மூக்கு.”

நான் அவருடைய மூக்கைப் பார்த்தேன். இன்னொரு நாளென்றால் சிரித்திருப்பேன்.

“என் பூட்டன் வேலைக்குப் பயந்தார். நீ எதற்குப் பயப்படுகிறாய்?”

எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னேன். என் மனுசனின் பெயரை நான் சொன்னால் அவர் செத்துப்போவார் என்றேன். இளம் பொலிஸ்காரன் வாயைப் பொத்திக்கொண்டான். சார்ஜன்ட் சிரிக்கவில்லை.

“நம்புகிறேன்” என்றார். “ஆனால் அந்தப் பெயரை உன் வாயால் கேட்காமல் பிள்ளையைத் தர எனக்கு அனுமதி இல்லை.”

கதவுக்கு அந்தப் பக்கம் பிள்ளை. எங்கேயோ மெல்பேர்னில் ரோட்டிலோ ரயிலிலோ அவர். அந்தக் கதிரையில் இருந்துகொண்டு நான் பட்ட பாடு என் எதிரிக்கும் வேண்டாம். நல்லூர்க் கந்தனை நினைத்து, கண்ணை இறுக்கி மூடி, அவருடைய பெயரைச் சொன்னேன். பயத்தில் குரல் கட்டுக்கடங்காமல், ஸ்டேஷன் முழுக்கக் கேட்கிற மாதிரி வந்துவிட்டது.

உள்ளே சின்னக் காலடி கேட்டது. எங்கள் வீட்டில் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவது வாசலில் வந்து நிற்கிற அவருடைய சிநேகிதர்கள் மட்டும்தான். அந்தப் பெயர் கேட்டால் அப்பா வீட்டில் நிற்கிறார் என்பது அவளுடைய கணக்கு. மகள் ஒற்றைக் காலில் மட்டும் சப்பாத்தோடு ஓடிவந்து சுற்றிச் சுற்றிப் பார்த்தாள்.

“அம்மா, அப்பா வந்திட்டாரோ?”

பிள்ளையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நான் அழுத அழுகையில் இளம் பொலிஸ்காரன் தண்ணீர் எடுக்க ஓடினான்.

அவர் திரும்பி வரும்வரை எனக்குச் சோறு இறங்கவில்லை. மணி அடித்ததும் கதவைத் திறந்து முதலில் அவருடைய காலைத்தான் பார்த்தேன். இரண்டு காலும் நிலத்தில்தான் நின்றன. கதையைக் கேட்டுவிட்டு, “என்ர பேரை நீ சொன்னனியோ? ஒருக்கா எனக்கும் சொல்லு பாப்பம்” என்றார். “பேய்க்கதை கதையாமல் கையைக் கழுவுங்கோ” என்றேன்.

பிறகு, இனி இப்படி ஒன்று நடக்கக்கூடாது என்று அவருடைய பெயரையே எங்கள் எல்லாருக்கும் குடும்பப் பெயராகப் பதிந்துவிட்டார். இப்போது பேரப்பிள்ளைகளுக்கும் அதுதான். அதை இங்கேயும் எழுதமாட்டேன்.

போன மாதம் டொக்டரிடம் போயிருந்தேன். வரவேற்பறைப் பெண் அந்தப் பெயரைக் கூப்பிட்டாள். நான் அசையாமல் பக்கத்துக் கதிரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன், அவர் எழும்பட்டும் என்று. அவர் போய்ப் பல வருடமாகிவிட்டது. அந்தப் பெண் இரண்டாம் தரம் கூப்பிட்டபோதுதான் எழுந்து போனேன்.