முதல் குடம் வாசலுக்கு

செய்தி வந்தபோது நான் குழாயடியில் நின்றிருந்தேன். வாரம் தாண்டி அன்று காலையில்தான் குழாயில் ஆத்தூர் அணைத் தண்ணீர் விட்டிருந்தார்கள். எனக்கு முன்னால் ஒரே ஒரு குடம் இருந்தது. எங்கள் காம்பவுண்டிலிருந்து ஜெயராணி தலையை அள்ளி முடியாமல் ஓடி வந்து, "ஆஸ்பத்திரியில இருந்து போன் வந்துச்சு. சவரியம்மாக்கா போயிட்டாங்களாம்" என்றாள். வரிசையில் நின்ற பெண்கள் சிலுவை போட்டுக்கொண்டார்கள். ஒருத்தி என்னைக் கட்டிப்பிடித்து அழுதாள். நானும் அழுதேன். ஆனால் வரிசையை விட்டு விலகவில்லை. என் முறை வந்ததும் குடத்தை வைத்து, நிறைகிற வரைக்கும் நின்று, இடுப்பில் தூக்கி வந்து காம்பவுண்டு வாசலில் இறக்கி, தட்டைப் போட்டு மூடி, செம்பை மேலே கவிழ்த்து வைத்துவிட்டுத்தான் ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

இதைப் பற்றித் தெருவில் பேச்சு வந்தது எனக்குத் தெரியும். "கூடப் பொறந்தவ மாதிரி இருந்தவ, செத்துட்டாங்கன்னு சொன்ன பெறகும் தண்ணி பிடிச்சுக்கிட்டு நின்னாளே, என்ன நெஞ்சழுத்தம்" என்று சொன்னவர்கள் நம் தெரு ஜெபக் குழுவான இந்த அன்பியத்திலேயே இருக்கிறீர்கள். எனக்கு யார் மேலேயும் வருத்தமில்லை. முப்பதாம் நாள் பூசைக்கு அக்காவைப் பற்றி நாலு வார்த்தை எழுதிக் கொடு என்று பங்குச்சாமியார் கேட்டார். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். நான் ஏன் அன்றைக்கு அங்கே நின்றேன் என்பதைச் சொன்னாலே அக்காவைப் பற்றிச் சொன்னதாகிவிடும் என்று நினைத்து எழுதுகிறேன்.

நான் எரியோட்டிலிருந்து வாழ்க்கைப்பட்டு இந்தக் காம்பவுண்டுக்கு வந்தவள். வரிசையாக வீடுகள், நடுவில் ஒரு வேப்பமரம், ஓர் அடிபம்பு. அடிபம்பில் வருவது உப்புத் தண்ணீர். குளிக்கலாம், துவைக்கலாம், வாயில் வைக்க முடியாது. குடிக்க வேண்டுமென்றால் தெருக்குழாய்தான். முன்வீட்டில் இருந்தவர் சவரியம்மா அக்கா. காலையில் இட்லி அவித்து விற்பார். காய்கறிக் கூடையும் பூக்கூடையும் சுமந்து மார்க்கெட்டுக்குப் போகிற கிராமத்துச் சனம் எங்கள் வாசலைக் கடந்துதான் போகும். அவர்கள் குடிப்பதற்கென்று அக்கா வாசலில் ஒரு குடம் வைத்திருப்பார். அது ஒன்றும் பெரிய காரியமில்லை. புதுத் தண்ணீர் வருகிற அன்று, வீட்டில் மிஞ்சிக் கிடக்கிற பழைய தண்ணீரை எல்லோரும் அந்தக் குடத்தில் ஊற்றுவோம். கீழே கொட்டாமல் நாலு பேருக்கு ஆகட்டுமே என்றுதான்.

அக்கா சாந்தமான ஆள் என்று யாராவது எழுதினால் நம்பாதீர்கள். உங்களுக்கே தெரியும். தண்ணீர் கொடுப்பார், கூடவே ஏச்சும் கொடுப்பார். "குடிக்கத்தான வச்சிருக்கு, காலு கழுவவா வச்சிருக்கு?" என்று ரோட்டில் போகிறவனை நிறுத்திக் கேட்பார். இரவல் காப்பித்தூள் கேட்டால் ஒரு சின்னக் கரண்டிதான் வரும். அப்படிப்பட்டவர் மாறினது ஒரு பெரிய வெள்ளிக்கிழமை. அதற்கு நான் சொன்ன ஒரு தப்பான பதில்தான் காரணம்.

அன்றைக்குக் கோவிலில் சேசு பட்ட பாடுகளின் வரலாறு வாசித்தார்கள். சிலுவையை முத்தி செய்துவிட்டு வெயிலில் வீட்டுக்கு நடந்துவந்தோம். அக்கா ஏதோ யோசனையாகவே வந்தார்.

"ஏ அமலி, உங்க ஊர்ல மாடு கண்ணு இருக்குல்ல?"

"இருக்குக்கா."

"காடின்னா என்னடி?"

"மாட்டுக்கு ஊத்துறதுக்கா. அரிசி களைஞ்சது, வடிச்ச கஞ்சி, மிச்சம் மீதி எல்லாத்தையும் தொட்டியில ஊத்தி வைப்போம். புளிச்சுக் கெடக்கும்."

அக்கா நடு ரோட்டில் நின்றுவிட்டார். "அதையாடி சேசுவுக்குக் குடுத்தாய்ங்க?"

"கோவில்ல அப்படித்தானக்கா வாசிச்சாங்க."

"உசுரு போகப்போற நேரத்துல தாகமா இருக்குன்னு வாயத் தொறந்து கேட்டிருக்காரு. மாட்டுத்தொட்டியில மோந்து குடுத்திருக்காய்ங்களே, பாவிப் பயலுக."

பின்னால் வந்த அந்தோணி அண்ணன், அக்காவின் வீட்டுக்காரர், "ரோட்டுல பஞ்சாயத்து வைக்காம நடங்கத்தா, காலு சுடுது" என்றார்.

அக்கா வீட்டுக்குள் போகவில்லை. வாசலில் இருந்த குடத்தின் தட்டை எடுத்துக் குனிந்து பார்த்தார். மோந்து பார்த்தார். என்னையும் கூப்பிட்டு மோந்து பார்க்கச் சொன்னார். பழைய தண்ணீருக்கு ஒரு வாடை உண்டே, அந்த வாடை. "இதுவும் காடிதான்டி" என்று சொல்லிவிட்டுக் குடத்தைத் தூக்கி வேப்பமரத்து அடியில் கவிழ்த்தார். அடுத்த முறை தண்ணீர் வந்தபோது, அக்கா பிடித்த முதல் குடம் வாசலுக்குப் போனது. அதற்குப் பிறகுதான் அடுப்படிக்கு.

ஈஸ்டர் பாஸ்கு முடிந்து அக்கா பங்குச்சாமியாரிடமே கேட்டுவிட்டார். காடி என்றால் புளித்துப்போன திராட்சை ரசம், சிலுவையடியில் காவல் இருந்த சிப்பாய்கள் குடிப்பதற்கு வைத்திருந்தது என்று அவர் விளக்கியிருக்கிறார். அக்கா சிரித்துக்கொண்டே வந்தார்.

"ஏண்டி, சேசுவக் கொண்டுபோயி மாட்டுத்தொட்டியில விட்டுட்டியே."

"அவரு பொறந்ததே அங்கதானக்கா."

அக்கா கண்ணில் தண்ணீர் வருகிற அளவுக்குச் சிரித்தார். நான் அதோடு முடிந்தது, இனி முதல் குடம் அடுப்படிக்குப் போகும் என்று நினைத்தேன். போகவில்லை. சிரிப்பு அடங்கினதும் அக்கா சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது. "அப்படின்னா அந்தச் சிப்பாயி தான் குடிக்க வச்சிருந்ததுல பஞ்சத் தோய்ச்சு நீட்டியிருக்கான். அவன் நம்மளவிட மேலடி. நம்ம குடிக்காததத்தான இம்புட்டு நாளா வாசல்ல வச்சோம்."

தண்ணீர் தாராளமாக இருந்த காலத்தில் இதெல்லாம் சுலபம். அப்புறம் மழை பொய்த்தது. நம் ஊர் பட்ட பாடு உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. குழாயில் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. லாரி வந்தால் குழாயடியில் முடியைப் பிடித்து இழுக்கிற சண்டை. அடிபம்பு காற்றுத்தான் விட்டது. ஊறப் போட்ட அரிசியை ஆட்டத் தண்ணீர் இல்லாமல் அக்கா இட்லி வியாபாரத்தையே நிறுத்தி வைத்தார். அந்த நாளிலும் முதல் குடம் வாசலுக்குப் போனது. ஒரு நாள் கிடைத்ததே ஒரு குடம்தான். அதுவும் வாசலுக்குப் போனது.

ஜெயராணிக்குப் பொறுக்கவில்லை. அக்காவின் அடுத்த வீட்டுக்காரி அவள். "ஏங்க்கா, புருசனுக்குக் கஞ்சி காச்சத் தண்ணி இல்ல, ரோட்டுல போற வாரவனுக்குப் பந்தல் வைக்கிறீங்களா? மிஞ்சினா வைங்க, யாரு வேணாங்கிறா?" என்று காம்பவுண்டே கேட்கச் சத்தம் போட்டாள்.

அக்கா வழக்கம்போலத் திருப்பி ஏசுவார் என்று எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தோம். அவர் ஏசவில்லை. "சேசு மிஞ்சின உசுரையா குடுத்தாரு ஜெயராணி? அவருக்கு இருந்ததே ஒண்ணுதான" என்றார். பிறகு அதே குடத்திலிருந்து ஒரு செம்பு மோந்து, "நீயும் தாகமாத்தான இருக்க, கத்துனது போதும், குடி" என்று நீட்டினார். ஜெயராணி வாங்கிக் குடித்துவிட்டாள். அவளே இதைச் சொல்லி இப்போது அழுகிறாள்.

அந்தப் பஞ்சத்தில் ஒரு நாள் வாசலில் பார்த்தால் தண்ணீரும் இல்லை, குடமும் இல்லை. யாரோ தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். அந்தோணி அண்ணன், "இப்பத் திருப்தியா?" என்று கேட்டார். அக்கா, "குடத்துக்கும் சேத்துத் தாகம் போல" என்று சொல்லிவிட்டு அடுத்த குடத்தை எடுத்து வந்து வைத்தார்.

நான் சின்ன வயதிலிருந்து பெரிய வெள்ளிக்கிழமை அழுகிறவள். ஆணி அடிக்கிற இடம் வாசிக்கும்போது அழுகை வந்துவிடும். வீட்டுக்கு வந்து கஞ்சி குடித்தால் அழுகையும் முடிந்துவிடும். நமக்காக அவர் செத்தார், நாம் அழுதோம், கணக்குச் சரி என்பது போலத்தான் இருந்தேன். அக்காதான் ஒரு தடவை கேட்டார், "வெள்ளிக்கிழம அழுதுட்டு சனிக்கிழம குழாயடியில குடுமியப் பிடிச்சா, அவரு செத்தது எந்தக் கெழமைக்குடி?" சாதாரண நாளுக்கும் சிலுவைக்கும் ஒரு வழி உண்டு என்றும், அது என் குடம் போகிற வழிதான் என்றும் எனக்கு அதற்கு முன்னால் தெரியாது.

பிறகு அக்காவுக்குச் சர்க்கரை முற்றிக் கிட்னி கெட்டுப்போனது உங்களுக்குத் தெரியும். காலும் முகமும் வீங்கிவிட்டது. தண்ணீரைக் குறைக்கச் சொன்னார் டாக்டர். கடைசியாக ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது, நாள் முழுதுக்கும் ஒரு சின்ன டம்ளர்தான் என்று கட்டாயமாகச் சொல்லிவிட்டார்கள். ஊருக்கெல்லாம் தண்ணீர் வைத்த மனுஷிக்கு இப்படி ஒரு விதியா என்று நான் ஆண்டவரிடம் சண்டை போட்டேன். பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டது நான்தான். அண்ணனுக்கு வயதாகிவிட்டது, பிள்ளைகளும் இல்லை. ஆக, தண்ணீர் கேட்கிற அக்காவுக்கு இல்லை என்று சொல்கிற வேலை எனக்கு வந்தது.

"ஒரு மடக்குடி."

"டாக்டர் ஏசுவாருக்கா. மூச்சு முட்டிரும்."

"சரி சரி. நீ குடுத்தாத் தப்பு. எனக்குத் தெரியும்." சற்று நேரம் கழித்து மறுபடியும், "நாக்க நனைக்கவாவது?" நான் துணியை நனைத்து உதட்டில் வைப்பேன். அப்படி வைக்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் காடிதான் ஞாபகத்துக்கு வரும். கண்ணைத் துடைத்துக்கொள்வேன். அக்காவுக்கு அது தெரிந்திருக்க வேண்டும். "அழுகாதடி. அவரு என்ன கேட்டாருன்னு இப்பத்தான் எனக்கே தெரியுது" என்றார்.

எனக்குத் தாகம் எடுத்தால் வராண்டாவுக்குப் போய்த்தான் குடிப்பேன். அவர் பார்க்கக் குடிக்க மனசு வரவில்லை. ஒரு நாள் அதையும் கண்டுபிடித்துவிட்டார். "எங்க போயிட்டு வார? ஒளிஞ்சு தண்ணி குடிக்கிறியா? இங்கயே குடி. நீ குடிக்கிறதப் பாத்தா எனக்குக் கொஞ்சம் எறங்கும்." அவர் பார்த்துக்கொண்டிருக்க நான் குடித்தேன். அவருடைய தொண்டை அசைந்தது. என் ஆயுசில் அதைவிடக் கஷ்டமாக ஒரு டம்ளர் தண்ணீர் குடித்ததில்லை.

சாவதற்கு முந்தின நாள் சாயந்திரம் டாக்டர் வந்து பார்த்தார். என்னை வெளியே கூப்பிட்டு, "இனிமே அவங்க கேட்டதக் குடுங்கம்மா" என்றார். அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குப் புரிந்தது. வீட்டிலிருந்து கொண்டுபோன ஆத்தூர்த் தண்ணீர் பாட்டிலில் இருந்தது. அக்காவின் தலையைத் தூக்கி மடியில் சாய்த்து டம்ளரை வாயில் வைத்தேன். இரண்டு மடக்குக் குடித்தார். கண்ணை மூடிக்கொண்டு, "நல்ல தண்ணி" என்றார்.

பிறகு மெதுவாக, "வாசலுக்கு வச்சியா?" என்று கேட்டார்.

"தண்ணியே விடலக்கா. நாளைக்கு விடுவாங்க."

"விட்டா?"

"மொதக் குடம் வாசலுக்குத்தான்க்கா."

"என்னையப் பாக்க ஓடி வாரேன்னு விட்டுறாத. நான் எங்கிட்டுப் போகப்போறேன்."

அவ்வளவுதான். ராத்திரிக்கு அண்ணன் வந்ததும் நான் வீட்டுக்கு வந்தேன். காலையில் குழாயில் தண்ணீர் வந்தது. என் குடம் அடுத்தது என்று நிற்கும்போது அந்தச் செய்தியும் வந்தது. இப்போது சொல்லுங்கள், நான் வரிசையை விட்டு எப்படி விலகுவேன்?

அக்காவை வண்டியில் கொண்டுவந்து இறக்கினோம். குளிப்பாட்டத் தண்ணீர் தேடினார்கள். ஜெயராணி வாசலில் இருந்த குடத்தைத் தூக்கப் போனாள். "கடைசியா நல்ல தண்ணி ஊத்துவோமேடி, எத்தன பேருக்குக் குடுத்த மகராசி" என்றாள். நான் விடவில்லை. "குடிக்கிற தண்ணியத் தொட்டா அக்கா எந்திரிச்சு வந்து ஏசுவாங்க, அடிபம்புல அடி" என்றேன். அதற்கும் என்னைக் கல்நெஞ்சுக்காரி என்று நினைத்தவர்கள் உண்டு. உப்புத் தண்ணீரில்தான் அக்காவைக் குளிப்பாட்டினோம். நானே தேய்த்துவிட்டேன். வீக்கம் வடிந்து கால் பழைய கால் போல இருந்தது.

நான் ஈரச் சேலையோடு வெளியே வந்தபோது, அக்காவைக் கொண்டுவந்த வண்டியின் டிரைவர் வாசலில் நின்று செம்பைத் தூக்கி அண்ணாந்து குடித்துக்கொண்டிருந்தார். வெயிலில் வந்தவர். மடக் மடக்கென்று இறங்குகிற சத்தம் எனக்குக் கேட்டது. அந்தத் தொண்டையைப் பார்த்துக்கொண்டே நின்றேன். அக்கா சொன்னது சரிதான், எனக்கும் கொஞ்சம் இறங்கியது.

அக்காவின் சேலை, செபமாலை எல்லாம் அண்ணனிடம் இருக்கிறது. நான் எதையும் கேட்கவில்லை. அக்காவிடமிருந்து எனக்கென்று வந்தது அந்த வாசல் இடம்தான். தண்ணீர் வருகிற அன்றெல்லாம் என் முதல் குடம் அங்கே போகிறது. இன்று நீங்கள் எங்கள் வாசல் வழியாகப் பூசைக்கு வந்தபோதும் அது அங்கேதான் இருந்தது. போகும்போது குடித்துவிட்டுப் போங்கள். குடத்துக்கும் சேர்த்துத் தாகம் எடுத்தவர்கள் குடத்தையும் கொண்டுபோங்கள். வேறு குடம் வைக்க எனக்கு அக்கா சொல்லிக்கொடுத்திருக்கிறார்.