சொந்தப் பீரங்கி சுட்ட கப்பல்

இல்லாத ஊர் ஒன்றுக்கு ஒருவர் உண்மையாக இருக்க முடியுமா? அண்ணியைப் பார்க்கும்வரை இதை ஒரு கேள்வியாகவே நான் மதித்ததில்லை.

அண்ணி கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்ப்பவர். காலையில் குக்கரை அடுப்பில் ஏற்றிவிட்டு, கடைக்குக் கிளம்பும்வரை கம்ப்யூட்டரில் விண்வெளி விளையாட்டு ஆடுவார். அதில் இரண்டு அணிகளுக்குள் ஓயாத சண்டை. அண்ணி சேர்ந்தது தோற்றுக்கொண்டிருந்த அணியில், சரக்குக் கப்பல் ஓட்ட.

முதல் வாரமே புதியவர்கள் செய்யும் தப்பைச் செய்தார். எதிரணி இரட்டிப்புக் கூலி தருகிறதே என்று அவர்களுக்கு நாலு நடை சரக்கு ஏற்றிப் போனார். ஒவ்வொரு நடைக்கும் சொந்த அணியில் தன் மதிப்பு இறங்கியதைக் கவனிக்கவில்லை. ஐந்தாம் நாள் வீடு திரும்பிய கப்பலைச் சொந்த விண்வெளி நிலையத்துப் பீரங்கியே எதிரியென்று எண்ணிச் சுட்டது.

"என்னக்கா, நம்ம வாசல்லயே அடி வாங்கிட்டு நிக்கிறீங்க?" ஸ்பீக்கரில் சிரித்தான் அணித் தலைவன் மொட்டை. நிஜத்தில் எங்கோ பஸ் ஓட்டுகிறவன்.

"சிரிக்காதடா. பேரைச் சரி பண்ண என்ன செய்யணும்?"

"உடைஞ்ச கப்பல் குப்பைய அள்ளணும். காசு கிடையாது."

"அள்ளுறேன்."

இருபத்து மூன்று காலைகள் அள்ளினார். "சம்பளமில்லாத வேலைக்கு இவ்வளவு அவசரமா?" என்று அண்ணன் சீண்டுவார். "நீங்க விசில எண்ணுங்க" என்பார் அண்ணி.

பேர் சரியான பிறகு பெரிய கப்பல் ஒன்றுக்குக் காசு சேர்த்தார். ஒரே ஒரு நடை பாக்கி. அன்று அவர் கப்பல் நிறைய எரிபொருள். சொந்த நிலையத்தை எதிரிகள் வளைத்திருந்தார்கள். எரிபொருள் தீர்ந்து அதன் விளக்குகள் ஒவ்வொன்றாக அணைந்தன. அந்தச் சரக்குக்கு நான்கு மடங்கு தருவதாக எதிரணியிடமிருந்து செய்தி வந்தது.

"நிலையம் எப்படியும் விழப்போகுதுக்கா. வித்துருங்க. நான் தப்பா நெனைக்க மாட்டேன்" என்று மொட்டையே சொன்னான்.

அண்ணி எதிரிக் கப்பல்களுக்கு நடுவே வீட்டை நோக்கிக் கப்பலைத் திருப்பினார். ஒரு பக்கம் எரிய எரியப் போய்ச் சேர்ந்து சரக்கை இறக்கினார். நிலையம் பிழைத்தது. எனக்குப் பாராட்டு எளிதில் வராது; அன்று குக்கர் அலறியும் அடுப்பை அணைக்கத் தோன்றாமல் நின்றேன்.

மறுநாள் அணி அந்தப் பெரிய கப்பலை அவருக்கு இனாமாகவே கொடுத்தது. அண்ணி அதைத் திருப்பி அனுப்பிவிட்டு, பாதி கருகிய பழைய கப்பலோடு அணியிலிருந்தே விலகிக்கொண்டார். மொட்டை கேட்டான், அண்ணனும் கேட்டார். ஏனென்று அவர் சொல்லவே இல்லை. விற்கச் சொல்லிவிட்டு, விற்காததற்கு விலை கொடுத்த அணி அவருக்கு வேண்டியிருக்கவில்லை என்றுதான் எனக்குப் பட்டது.