முன்னாள் மேலவை உறுப்பினர்

ஷார்ஜா ரோலாவில் சூட்கேஸ் கடை வைத்திருந்த மீரா சாகிப்பை எல்லோரும் ‘எம்.எல்.சி. பாய்’ என்றுதான் கூப்பிட்டார்கள். புதிதாக வந்தவர்களில் சிலர் அதை கார்கோ கம்பெனியின் பெயர் என்று நினைத்து, ஊருக்குக் கிலோ என்ன ரேட் என்று விசாரித்ததுண்டு. அவர் கோபப்பட மாட்டார். சுலைமானி டீ வரவழைத்துக் கொடுத்து, தமிழ்நாட்டில் சட்டமன்றத்துக்கு மேலவை என்று ஒன்று இருந்ததையும், பட்டதாரிகள் ஓட்டுப் போட்டு அவரை அங்கே அனுப்பியதையும் விளக்குவார். ஆறு வருடத்துக்கு என்று போனவர். எண்பத்தாறில், அவருடைய காலம் பாதிகூட முடியாத நிலையில், அவையையே ஒழித்துவிட்டார்கள். அவர் விசா எடுத்துவிட்டார்.

சபையில் அவர் பேசியது இரண்டே முறை. அதில் ஒரு முறை மைக் வேலை செய்யவில்லை. உறுப்பினர் வேலை சூடு பிடித்தது ஷார்ஜாவில்தான். விசா கொடுத்த கபீல் பாஸ்போர்ட்டைத் தரவில்லை, லேபர் கேம்ப்பில் ஏசி ஓடவில்லை என்று ஆட்கள் கடைக்கு வருவார்கள். சம்பந்தப்பட்டவருக்குப் போன் போட்டு, தான் மேலவை உறுப்பினர் பேசுவதாகக் கனத்த உருதுவில் சொல்வார். எதிர்முனையில் என்ன புரிந்துகொண்டார்களோ, ஏசி ஓடியது.

‘முன்னாள்’ என்ற சொல்லை மட்டும் அவர் பக்கத்தில் விட மாட்டார்.

“தோத்தா முன்னாள். ராஜினாமா பண்ணினா முன்னாள். மவுத்தாப் போனா முன்னாள். நான் மூணும் இல்லையே. சபைதான் எந்திரிச்சுப் போச்சு. நான் உக்காந்த இடத்துலயே இருக்கேன்.”

இரண்டாயிரத்து ஆறில் மகள் நஜீஹாவுக்கு நிக்காஹ் பேசினார்கள். மாப்பிள்ளை முகம்மது ரிபாய் சவூதியில் அல் கோபாரில் இன்ஜினியர். அவருடைய தகப்பனார் கலீலுர் ரஹ்மான் குவைத் அப்பாசியாவில் மளிகைக் கடைக்காரர். பொய்யே சொல்லாதவர், அதனால் அவரோடு பேசுவது சிரமம். ரிபாய்க்கு மூன்று வாரம்தான் லீவ். விட்டால் அடுத்த லீவ் இரண்டு வருடம் கழித்து. பத்திரிகை அச்சானால்தான் தேதி நிற்கும். பெண்ணின் தகப்பனார் பெயருக்குக் கீழே பட்டம் போட வேண்டிய இடத்தில் பத்திரிகை நின்றது.

“முன்னாள்னு போட்டுருங்க சம்மந்தி,” என்றார் கலீலுர் ரஹ்மான், குவைத்திலிருந்து போனில். “இல்லாத சபைக்கு உறுப்பினர்னா ஜமாத்துல சிரிப்பாங்க.”

“இல்லாத சபைன்னு நீங்களே சொல்றீங்க. அப்ப சபைதானே முன்னாள்?”

“அப்ப பேரை மட்டும் போடுங்க.”

“வெறும் பேரா? நான் என்ன ரேஷன் கார்டா அடிக்கிறேன்?”

லீவ் நெருங்கிக்கொண்டிருந்தது. நஜீஹா ஒரு நாள் பேனாவோடு வந்து உட்கார்ந்தாள்.

“வாப்பா, ‘முன்னாள் மேலவை உறுப்பினர்’. ஓகேவா? மாமா ‘முன்னாள்’னு நிறுத்திட்டு ‘மேலவை உறுப்பினர்’னு படிக்கட்டும். நீங்க ‘முன்னாள் மேலவை’ன்னு நிறுத்திட்டு ‘உறுப்பினர்’னு படிங்க. எங்க மூச்சு விடறதுங்கறது அவங்கவங்க இஷ்டம்.”

“இவளுக்குத் தமிழ் வராதுன்னு டியூஷன் வச்சீங்களே,” என்றார் அவள் தாயார் ஜுலைஹா பீவி.

வாசகம் குவைத்துக்குப் போனது. மறுப்பு வரவில்லை. விட்டுக்கொடுத்தது மற்றவர்தான் என்று இரு சம்மந்திகளும் நம்பினார்கள்.

மறுநாள், பிளம்பர் மாயாண்டி கடைக்குள் சிரித்துக்கொண்டே நுழைந்தார்.

“பாய், ஸ்வீட் எங்க? உங்க சபை திரும்ப வருதாம்ல! ஊர்ல பேசிக்கிறாக.”

மீரா சாகிப் உட்கார்ந்துவிட்டார். சபை வந்துவிட்டால் அது முன்னாள் சபை இல்லை. அப்புறம் அந்தச் சொல்லை மாட்டிவிட அவரை விட்டால் வேறு ஆள் கிடையாது.

“எப்பவாம்?”

“சீக்கிரமாம். உங்களைக் கூப்பிடுவாகள்ல?”

“புதுசா ஓட்டுப் போட்டுப் புது ஆள எடுப்பாங்க. என்னை எவன் கூப்பிடுறான்,” என்றபடியே அவர் ஊரில் இருக்கும் அச்சகத்துக்கு நம்பரை அழுத்தினார்.

“பத்திரிகைய இன்னைக்கே அடிச்சுடுப்பா.”

“ரெண்டு நாள்ல தர்றேன் பாய்.”

“ரெண்டு நாள்ல சபை வந்துட்டா யாரு பொறுப்பு?”

அச்சகக்காரருக்கு விளங்கவில்லை. பயந்துபோய் அன்றைக்கே அடித்துவிட்டார்.

மேலவை வேண்டும் என்று இருபது வருடமாகக் கேட்டுக்கொண்டிருந்தவர், நிக்காஹ் முடியும்வரை ஐந்து வேளைத் தொழுகையிலும் அது வந்துவிடக் கூடாது என்று துஆ கேட்டார். வரவில்லை. நிக்காஹ் ஊரில் குறித்த தேதியில் நடந்தது. ரிபாய் லீவ் முடிந்து அல் கோபார் போனார். விசா கிடைத்ததும் நஜீஹாவும் போனாள்.

ரோலாவுக்குத் திரும்பி வந்தவரிடம், சபை என்ன ஆச்சு பாய் என்று மாயாண்டி விசாரித்தார்.

“வரட்டும், வரட்டும்,” என்றார் எம்.எல்.சி. பாய். “அவசரம் ஒண்ணும் இல்லையே.”