தொட்டிச் சுவரில் விடிவெள்ளி

ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் அவளுக்கு வெள்ளியக்கா என்றுதான் பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் வருகைப் பதிவேட்டோடு சரி. விடிகாலை நான்கு மணிக்கு வேலை. முதல் ஈடு துணியை மொட்டை மாடிக்கு ஏற்றிக் கொடியில் விரிக்கும்போது கிழக்கே விடிவெள்ளி நின்றால் போதும், கையிலிருக்கும் போர்வை பாதியில் தொங்கும். புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர் டாக்டரே ஆனாலும் விடமாட்டாள். "உங்க ஊர்ல இதுக்கு என்ன பேரு?"

பத்துத் திசையிலிருந்தும் ஆட்கள் வந்து வேலை பார்க்கும் இடம் அது. அவர்கள் சொன்னதைத் தண்ணீர்த் தொட்டிச் சுவரில் கரித்துண்டால் தமிழில் எழுதி வைப்பாள். சுக்தாரா, கூட்டுற பெரியவர். பிந்தாங் தீமூர், சமையல்கட்டு அம்மா. சாவோ மாய், எக்ஸ்ரேக்காரர். எந்த மொழி என்று ஒன்றுக்கும் எழுதவில்லை. சொன்ன ஆளைத் தெரிந்தால் போதாதா என்பது அவள் எண்ணம். "அந்த நட்சத்திரமா உனக்குச் சோறு போடுது?" என்பான் பஸ் ஓட்டும் புருஷன். "நீ மட்டும் என்ன போட்டுக் கிழிச்சே?" என்று கேட்டு அவன் வாயை அடைப்பாள்.

கைபேசி வராத காலம். ஒரு நாள் ஐந்து மணிக்குப் பெண்கள் வார்டில் விரிப்பு மாற்றப் போனவள் வாசலிலேயே நின்றுவிட்டாள். நெற்றியில் கட்டோடு ஒரு சின்னப் பெண். இரண்டு ஆயாக்கள் ஆளுக்கொரு கையைப் பிடித்திருக்க, திமிறிக்கொண்டிருந்தாள்.

"நேத்து சாயங்காலம் வண்டி இடிச்சுக் கொண்டுவந்தாங்க. இப்பதான் நினைவு வந்துச்சு," என்றாள் நர்ஸ். "மார்ல பால் கட்டியிருக்கு. எங்கேயோ ஒரு பச்சைக்குழந்தை தனியாக் கிடக்குது. என்ன பாஷைன்னே புரியல. நாலு பேரைக் கூப்பிட்டுப் பார்த்துட்டேன்."

அந்தப் பெண் பேசிய வேகத்துக்குச் சொந்த பாஷைக்காரனே திணறியிருப்பான். வெள்ளியக்கா விரிப்பைப் போட்டுவிட்டு, அவள் முகத்தை இரண்டு கையாலும் பிடித்து ஜன்னல் பக்கம் திருப்பினாள். கிழக்கு வானத்தில் நின்ற நட்சத்திரத்தைக் காட்டி, "விடிவெள்ளி," என்று தன் நெஞ்சைத் தொட்டாள். பிறகு அந்தப் பெண்ணின் நெஞ்சைத் தொட்டுக் காத்திருந்தாள்.

"பைத்தியமா உனக்கு? இந்த நேரத்துல..." என்று நர்ஸ் ஆரம்பித்தாள்.

"கொஞ்சம் சும்மா இரும்மா."

அந்தப் பெண் வானத்தையும் இவளையும் மாறி மாறிப் பார்த்தாள். விம்மலுக்கு நடுவே, "அத்பியா கோகெப்," என்றாள்.

கேட்ட வார்த்தை. சத்தியமாகக் கேட்ட வார்த்தை. வெள்ளியக்கா மாடிக்கு ஓடினாள். ஐம்பது வயது முழங்கால் வலி எங்கே போயிற்றோ தெரியவில்லை. சுவரில் மூன்றாவது வரிசையில் இருந்தது: அத்பியா கோகெப், நெட்டை.

நெட்டை பாய்லரில் இரண்டு வருஷம் வேலை பார்த்துவிட்டு, கோபித்துக்கொண்டு போய், பின்தெரு ரொட்டிக் கடையில் அடுப்படியில் நிற்பவன். படியில் இறங்கினாளா பறந்தாளா என்று வெள்ளியக்காவுக்கே தெரியாது. மாவுக் கையோடு நின்றவனின் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தாள்.

"அக்கா, ரொட்டி கருகிடும்."

"கருகட்டும். ஒரு குழந்தை கிடக்குது, வாடா."

வார்டில் அவன் முதல் வார்த்தை பேசியதுமே அந்தப் பெண் திமிறுவதை நிறுத்தினாள். அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டு கொட்டித் தீர்த்தாள். திரும்பிய நெட்டையின் முகம் செத்திருந்தது.

"ரெண்டு மாசக் குழந்தைக்கா. பழைய மார்க்கெட் பின்னாடி, தையல் கடைக்கு மேல ஒரு ரூம். பூட்டிட்டு மருந்து வாங்க வந்திருக்கா. ஊருக்குப் புதுசு, தேட ஆளில்லை."

ஆம்புலன்ஸ் டிரைவரோடு அவன் ஓடினான். போனவர்கள் திரும்பும்வரை அந்தப் பெண் வெள்ளியக்காவின் கையை நசுக்கிக்கொண்டிருந்தாள். வெள்ளியக்கா தெரிந்த சாமி, தெரியாத சாமி எல்லாரையும் கூப்பிட்டாள்.

"உனக்கு எத்தனை பாஷை தெரியும்?" என்று நர்ஸ் கேட்டாள்.

"ஒண்ணுதான். மத்ததுல எல்லாம் ஒவ்வொரு வார்த்தை."

நெட்டை வந்தான். மார்போடு ஒரு துணிச் சுருணை. குழந்தை வாயைத் திறந்து திறந்து மூடியது, சத்தம் வரவில்லை. இரவெல்லாம் கத்திக் குரல் போயிருந்தது. தாய் அதைப் பிடுங்கி மார்பில் வைத்தாள். முதலில் பிடிக்கவில்லை. மறுபடியும் நழுவியது. மூன்றாவது தடவை கவ்விக்கொண்டது. தொண்டை ஏறி இறங்குவது சுற்றி நின்ற எல்லாருக்கும் தெரிந்தது.

வெள்ளியக்கா தரையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள்.

"இப்ப எதுக்கு அழறே? அதான் குடிக்குதே," என்றாள் நர்ஸ், மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டே.