என் வீட்டுக்காரர் பெயருள்ள சாமி

என் வீட்டுக்காரர் பிறந்தது பிப்ரவரி பதினான்கு. அன்றைக்கு எந்தப் புனிதருக்குத் திருநாளோ, அவர் பெயரையே பங்குச் சாமியார் பிள்ளைக்கு வைத்துவிட்டாராம். நான் கட்டிக்கொண்டு வந்ததில் இருந்து அந்த நாள் எங்கள் வீட்டில் பெரிய நாள்தான். காலையில் பூசை, வந்ததும் பச்சரிசிப் பாயசம், அவருக்கு ஒரு புதுச் சட்டை. காதலுக்கும் அந்த நாளுக்கும் ஒரு தொடர்பு உண்டென்று எங்கள் ஆமத்தூர்ப் பக்கம் அப்போது ஒருவருக்கும் தெரியாது.

பிறகு சிவகாசி அச்சாபீசுகளில் இதயப் படம் போட்ட அட்டைகள் லோடு லோடாகப் போக ஆரம்பித்தன. நானே சில சீசன் அவற்றை மடித்து உறையில் போட்டிருக்கிறேன். எனக்கு எழுத்துக் கூட்டித்தான் வாசிக்க வரும். அச்சு கோணிய அட்டை ஒன்றை வீட்டுக்குக் கொண்டுவந்து அவரிடம் காட்டினேன். வாசித்தவருக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

"எம்பேரு அப்படியே இருக்கு. முன்னால போடுற ‘புனித’ரை மட்டும் எடுத்துட்டானுவ."

அவர் போன பிறகு ஒவ்வொரு வருடமும் அந்த நாளில் கல்லறைக்குச் சிவப்பு ரோஜா கொண்டுபோவேன். சாமிக்காக உயிரைக் கொடுத்த வேதசாட்சிகளுக்குச் சிவப்புதான் நிறம். இது நான் சின்னதிலே கோயிலில் கற்றது.

இந்த வருடம் முட்டி வீங்கிவிட்டது. பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் பூ வாங்கிவரச் சொல்லிவிட்டேன். பிளஸ் டூ முடித்துவிட்டுப் பட்டாசுக் கம்பெனியில் பேக்கிங் வேலைக்குப் போகிறவள். படிப்புக்கு இடம் கிடைக்கிறவரைக்கும்தான் அந்த வேலை. மதுரையில் நர்சாக இருக்கும் என் மகள் அவளுக்கு நர்சிங் கல்லூரியில் இடம் பேசி வைத்திருந்தாள்.

"இன்னைக்குப் போயி சிவப்பு ரோசா கேட்டா கடைக்காரன் என்னைய ஒரு மாதிரி பாப்பான் பெரியம்மா" என்று வேன் ஏறும்போது சிரித்தாள்.

"பாத்தா பாக்கட்டும் புள்ள. சாமிக்குன்னு சொல்லு."

சாயங்காலம் கூச்சல் கேட்டு வெளியே வந்தேன். அவளுடைய அப்பன் தெருவில் நிற்கிறான். அவன் கையில் ரோஜாக் கட்டு. ஜிகினாத் தாளைச் சுற்றி, மேலே ஒரு இதயத்தையும் ஒட்டிக் கொடுத்திருந்தான் கடைக்காரன். சிவகாசி பஸ் ஸ்டாண்டில் அவள் அதை வாங்கியதை யாரோ பார்த்து, வேன் வந்து சேருமுன்பே இவனுக்குப் போன் போட்டுவிட்டார்கள். அந்தப் பிள்ளை வாசலில் ஒண்டிக்கொண்டு நின்றது. கன்னத்தில் விரல் பதிந்திருந்தது.

"நாளைலருந்து வேலையும் கெடையாது, நர்சும் கெடையாது. அவ மாமன் தன் மகனைக் கூட்டிக்கிட்டுக் கிளம்பிட்டான். இன்னைக்கே பேசி முடிச்சு, இருக்கன்குடி ஆத்தா சன்னதியில வச்சுத் தாலியக் கட்டிரணும்."

"அது எனக்கு வாங்கியாந்த பூ" என்றேன்.

"அக்கா, நீங்க அவளைக் காப்பாத்தப் பாக்கீக. காதலர் தினத்தன்னைக்கு உங்களுக்கு எதுக்கு ரோசா?"

"ஏன், அக்காவுக்கு ஆள் இருக்கக்கூடாதாலே?" என்றான் வேடிக்கை பார்த்தவன் ஒருவன்.

அவனை ஒரு பார்வை பார்த்தேன். வாயை மூடிக்கொண்டான்.

"எங்க வீட்டுக்காரருக்கு வாங்குன பூ. இன்னைக்கு அவரு பேருள்ள சாமிக்குத் திருநாள். நாஞ் சொன்னா நம்ப மாட்டியா? கோயிலுக்கு வா. சாமியார்கிட்டயே கேளு."

போனோம். அவன் பூவை நாற்றுக்கட்டு மாதிரித் தொங்கப் போட்டுக்கொண்டு முன்னால் நடந்தான். முட்டி வலியில் நான் பிள்ளையின் தோளைப் பிடித்துக்கொண்டேன். பாதி வழியில் அவனுக்குப் போன் வந்தது. "சாத்தூரைத் தாண்டிட்டீகளா? வாங்க, வாங்க."

சாமியார் இந்த ஊருக்குப் புதிது, சின்ன வயது. சாயங்காலப் பூசைக்கு வெள்ளை உடுப்பில் நின்றார். பல வருடங்களாகவே இந்த நாளில் வெள்ளையைத்தான் பார்க்கிறேன். சிவப்பு உடுப்பைத் துவைக்கப் போட்டிருப்பார்கள் என்று நினைத்துக்கொள்வேன்.

"இன்னைக்கு எங்க வீட்டுக்காரர் பேருள்ள சாமிக்குத் திருநாள்தானே, இவங்கிட்டச் சொல்லுங்க சாமி."

அவர் தயங்கினார். "அவர் புனிதர்தாம்மா, இல்லைன்னு சொல்லல. ஆனா அவரைப் பத்தி உறுதியாத் தெரிஞ்சது கொஞ்சம்தான்னு திருச்சபைப் பொதுக் காலண்டர்ல இருந்து எடுத்துட்டாங்க. அது ரொம்ப வருசத்துக்கு முன்னாலயே. இன்னைக்குப் பூசை வேற ரெண்டு புனிதருக்கு. அண்ணன் தம்பி அவங்க."

அச்சாபீசுக்காரன்தான் புனிதரை எடுத்துவிட்டான் என்று இருந்தேன். கோயிலும் அவரை இறக்கி வைத்துவிட்டதா?

"கேட்டாச்சுல்லக்கா?" என்றான் அவன். குரலைக்கூட உயர்த்தவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. மகளின் கையைப் பிடித்து இழுத்தான்.

நான் அவள் மறு கையை விடவில்லை.

"கோயில் வச்சாலும் எடுத்தாலும் நான் வைக்கிறவ. கல்லறைக்கு வா. வந்து பாத்துட்டு அவளை எங்க வேணும்னாலும் கூட்டிட்டுப் போ."

கல்லறைத் தோட்டம் கோயிலுக்குப் பின்னால்தான். சாமிக்கென்று வைத்த பூவைக் குப்பையில் எறிய எனக்கு மனம் வராது. இதழ் உதிர்ந்த பிறகு அந்தந்த வருடத்துக் காம்புகளை அவர் சிலுவையின் அடியிலேயே ஒதுக்கி வைப்பேன். குனிந்து பார்த்தான். அடியில் கிடந்தவை வெளுத்துச் சுள்ளியாகிவிட்டன. அவற்றின் மேல் கறுத்தவை. போன வருடத்துக் கட்டில் நான் முடிந்த வாழைநார்கூட இற்றுப்போகவில்லை. ஒன்றை எடுக்கப் போனவன் முள் குத்திக் கையை உதறினான்.

மறுபடி போன் அடித்தது. மச்சான்தான். இவன் எடுக்காமல் போனையே பார்த்துக்கொண்டு நின்றான். அடித்து ஓயப் போகிற நேரத்தில் எடுத்தான்.

"மச்சான்... இல்ல, விசேசம் ஒண்ணும் இல்ல. பேச்செல்லாம் இப்ப வேண்டாம். வந்தது வந்துட்டீக, இருந்து சாப்பிட்டுப் போங்க."

ஜிகினாத் தாளை உரித்துப் பைக்குள் திணித்துக்கொண்டான். பூவை மகளிடம் நீட்டினான். "நீயே வையி." அவள் முகத்தைப் பார்க்க அவனால் முடியவில்லை. அவளும் அவனைப் பார்க்கவில்லை. பூவை வைத்துவிட்டு என் பக்கம் வந்து நின்றுகொண்டாள்.

கொஞ்ச நேரம் கழித்து, "அப்படி என்னக்கா செஞ்சாரு அந்தச் சாமி?" என்று கேட்டான்.

"ராசா கூடாதுன்னதை மீறி, சிறுசுகளுக்கு ரகசியமாக் கல்யாணம் பண்ணி வச்சாராம். அதுக்குத் தலையை வெட்டிட்டாகளாம். எங்க வீட்டுக்காரர் சொல்லுவாரு."

அவன் மகளை ஒருமுறை பார்த்தான், பிறகு சிலுவையைப் பார்த்தான்.

"கல்யாணம் பண்ணி வைக்கிற சாமியா? இன்னும் நாலு வருசத்துக்கு அவரை எங்க வீட்டுப் பக்கம் வர வேண்டாம்னு சொல்லுங்கக்கா. இவ படிச்சு முடிக்கட்டும்."