மாஸ்க்கில் இரண்டு சொட்டுத் தைலம்

கொரோனா வந்த முதல் கோடை அது. ரொறன்ரோவில், வோபர்ன் பக்கத்தில் இருந்த ஒரு சின்னப் பப்பில் நான் சமையல் வேலை செய்துகொண்டிருந்தேன். யாழ்ப்பாணத்துப் பெண், வாழ்நாளில் ஒரு வாய் பியர் குடித்தறியாதவள், பப்பில் போய் என்ன செய்கிறாய் என்று சொந்தக்காரர்கள் கேட்காத நாளில்லை. கோழிச் செட்டை பொரிக்கிறேன், வேறென்ன!

மாதக்கணக்காகப் பூட்டிக் கிடந்த பப்புகளைத் திறக்கலாம், ஆனால் வெளியே மட்டும்தான் மேசை போடலாம் என்று அரசாங்கம் சொன்னதும் முதலாளி அம்மா என்னைத் தொலைபேசியில் அழைத்தார். வெள்ளைக்காரி, நல்ல மனுசி. "வருவாயா?" என்று கேட்டார். யோசிக்காமல் வருகிறேன் என்றுவிட்டேன். போனை வைத்த பிறகுதான் பயம் பிடித்தது. என் கணவருக்கு அந்த வருடம்தான் இருதய ஆப்பரேஷன் நடந்திருந்தது. வெளியே போய் அந்தச் சனியனை நான் வீட்டுக்குள் கொண்டுவந்தால் மனுசன் தாங்கமாட்டார். வேலையை விடவும் வழியில்லை.

அதனால் பப்பின் சமையலறைக்கு, எங்கள் குசினிக்கு, நானே சட்டம் போட்டேன். மாஸ்க் மூக்கை விட்டு இறங்கக் கூடாது. அது போதாதென்று மாஸ்க்கில் யூக்கலிப்டஸ் தைலம் இரண்டு சொட்டு விட வேண்டும். தைல மணத்துக்குக் கிருமி கிட்டவே வராது என்று வட்ஸ்அப்பில் யாரோ அனுப்பியிருந்தார்கள். அப்போது எங்கள் சனம் முழுக்க அதைத்தானே நம்பிக்கொண்டு திரிந்தது! நானும் கைப்பையில் தைலப் போத்தல் இல்லாமல் படியிறங்கமாட்டேன்.

குசினியில் என்னோடு வேலை செய்தவர் ஓர் அண்ணை. மன்னார்க்காரர், வேதக்காரர், அதாவது கிறிஸ்தவர். பாத்திரம் கழுவுவதில் இருந்து வெங்காயம் உரிப்பது வரை எல்லாம் செய்வார், வாய் மட்டும் திறக்கமாட்டார். திறப்பு நாளன்று காலையில் நான் போத்தலோடு கிட்டப் போனபோது மட்டும் கொஞ்சம் முனகினார்.

"தங்கச்சி, உது கண்ணெல்லாம் எரியுது."

"எரிஞ்சா எரியட்டும். கொண்டாங்கோ இஞ்சை."

இரண்டு சொட்டு என்றுதான் பேச்சு. என் கை அதைவிடத் தாராளம்.

முதலாளி அம்மா நிலவறைக்குப் போய், மூடியிருந்த காஸ் குழாயைத் திறந்துவிட்டு வந்தார். "காஸ் வந்துவிட்டது, அடுப்பை மூட்டலாம்" என்று சொல்லிவிட்டு முன்பக்கம் மேசை போடப் போனார். நான் உடனே மூட்டவில்லை. தூசி இன்னும் இருக்கிறது போல் ஒரு மனக்குறை. துணியை எடுத்து, காலையில் வந்ததும் துடைத்த அடுப்பை இன்னொரு தடவை அழுத்தித் துடைத்தேன். அதன் பிறகு உருளைக்கிழங்கு வெட்டினோம், கோழிக்கு மசாலா பிரட்டினோம். மத்தியானம் ஆகிவிட்டது.

இவ்வளவு காலம் அணைந்து கிடந்த அடுப்பைச் சும்மா மூட்ட எனக்கு மனம் வரவில்லை. வீட்டிலிருந்து கற்பூரம் கொண்டுவந்திருந்தேன். ஒரு சின்னத் தட்டில் வைத்து அடுப்புக்குப் பக்கத்தில் வைத்தேன். காற்றுப் பட்டால் அணைந்துவிடும் என்று பின்கதவைச் சாத்தினேன். புகையை இழுக்கும் பெரிய விசிறியையும் அதே காரணத்துக்காகப் போடவில்லை. முன்பக்கத்தில் வாடிக்கையாளர்கள் வந்து குவியத் தொடங்கியிருந்தார்கள். இத்தனை மாதம் வீட்டுக்குள் அடைபட்டுக் கிடந்த கிழவர்களும் கிழவிகளும் இடைவெளி விட்டு நின்றபடி, ஒருவரை ஒருவர் கண்ட சந்தோஷத்தில் கத்திக் கதைப்பது உள்ளே வரை கேட்டது. எங்கள் அடுப்புக்கும் அவர்களுக்கும் நடுவில் ஒரு சுவரும் ஒரு ஜன்னலும்தான்.

"அண்ணை, கொளுத்தப் போறன். நீங்களும் கும்பிடுங்கோ" என்றேன்.

அவர் கண்ணை மூடிச் சிலுவை அடையாளம் போட்டார். நான் நெருப்புக்குச்சியை எடுத்தேன். அவர் கழுத்துச் சங்கிலியில் இருந்த சிலுவையை வெளியே எடுத்து, முத்தமிடுவதற்காக மாஸ்க்கை நாடிக்குக் கீழே இழுத்துவிட்டார்.

எனக்கு வந்ததே கோபம்! குச்சியைப் பெட்டியில் உரசப் பிடித்தபடியே கத்தினேன்.

"அண்ணை! மாஸ்க்கை ஏத்துங்கோ! எத்தினை தரம் சொல்றது? உங்களாலை என்ர மனுசன் சாகோணுமே?"

சிலுவை அவர் உதட்டுக்குக் கிட்ட நின்றது. மூக்கை ஒரு தடவை உறிஞ்சினார். முகம் வெளிறிப் போனது. அடுத்த கணம் பாய்ந்து என் கையை நெருப்புப்பெட்டியோடு சேர்த்து அமுக்கிப் பிடித்தார். ஒருவரை ஒருவர் தொடவே கூடாத காலம் அது. நான் பதறிப்போய்க் கையை இழுத்தேன். அவர் விடவில்லை.

"காஸ்! தங்கச்சி, காஸ் மணக்குது!"

"உங்களுக்கு விசரே? எனக்கொண்டும் மணக்கேல்லை."

"உந்தத் தைலத்துக்கை என்னெண்டு மணக்கும்? மாஸ்க்கை இறக்குங்கோ!"

இறக்கினேன். ஐயோ கடவுளே! அழுகிய முட்டை நாற்றம் முகத்தில் வந்து அடித்தது. குசினி முழுக்கக் காஸ். எவ்வளவு நேரம் அதற்குள் நின்று கோழி பிரட்டினோமோ, யாருக்குத் தெரியும்? என் விரலுக்குள் குச்சி இன்னும் இருந்தது. ஓர் உரசல்தான் மிச்சம்.

அவர் பெட்டியைப் பறித்துத் தண்ணீர்த் தொட்டிக்குள் போட்டார். பின்கதவை உதைத்துத் திறந்தார். "ஒரு சுவிட்சையும் தொடாதேங்கோ" என்று அவர் சொல்லி வாய் மூடவில்லை, நான் போட்ட சத்தம் கேட்டு முதலாளி அம்மா முன்பக்கக் கதவால் உள்ளே வந்தார். வெயிலில் நின்று வந்த கண்ணுக்கு உள்ளே இருட்டாக இருக்க, அவர் கை பழக்கத்தில் சுவரில் இருந்த லைட் சுவிட்சுக்குப் போனது.

எனக்கு ஆங்கிலம் அப்படி ஒன்றும் ஓடாது. "நோ! நோ! காஸ்! டோன்ட் டச்!" என்று தொண்டை கிழியக் கத்தினேன். அவர் விரல் சுவிட்சில் பட்டபடி நின்றது. அதை அவர் மெல்ல எடுக்கும் வரை நான் மூச்சு விடவில்லை.

பிறகு ஓட்டம்தான். முதலாளி அம்மா முன்னால் ஓடி எல்லோரையும் தெருவுக்கு அந்தப் பக்கம் போகச் சொன்னார். விளங்காமல் ஒருவர் "முதலில் என் பியரைத் தா" என்று சிரித்துக்கொண்டு நின்றார். சிகரெட் ஒன்றை வாயில் வைத்து லைட்டரைத் தேடிக்கொண்டிருந்த இன்னொருவரை அண்ணை தோளில் பிடித்துத் தள்ளிக்கொண்டு போனார். யாரும் அன்று இடைவெளி பார்க்கவில்லை.

தீயணைப்புக்காரர்கள் வந்து, காஸை மூடி, கருவி வைத்து எல்லாம் பார்த்தார்கள். அடுப்பின் பின்வரிசையில் காஸைத் திறக்கிற திருகு ஒன்று பாதி திரும்பி இருந்ததாம். நான் இரண்டாம் தடவை அழுத்தித் துடைத்தேனே, அப்போது திரும்பியிருக்கிறது. அணைந்திருந்த அடுப்பில் இருந்து காஸ் வந்துகொண்டே இருந்திருக்கிறது. கதவும் பூட்டு, விசிறியும் இல்லை. "யார் கண்டுபிடித்தது?" என்று தீயணைப்புக்காரர் கேட்டார். நான் அண்ணையைக் காட்டினேன். "அங்கே நெருப்பு ஏதாவது பட்டிருந்தால் இந்தத் தெருவில் நின்றவர்களையும் சேர்த்துத்தான் இடிபாட்டுக்குள் தேடியிருப்போம்" என்று அவர் சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போனார்.

தெருவுக்கு எதிர்ப்பக்கம் நடைபாதை ஓரத்தில் நானும் அண்ணையும் குந்தியிருந்தோம். அவருடைய போன் அடித்தது, மனைவி. "ஓம், கடை திறந்தாச்சு. ஓம், சாப்பிட்டன்" என்று சொல்லிவிட்டு வைத்தார். வைத்த பிறகு இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். அதைப் பார்த்து நானும் அழுதேன்.

"அண்ணை, நான் சொன்ன கதைக்கு என்னை மன்னிச்சுக்கொள்ளுங்கோ" என்றேன்.

"விடுங்கோ தங்கச்சி. பயத்திலை சொன்னது. எனக்கும் வீட்டிலை ஆக்கள் இருக்கினம்தானே" என்றார். அவ்வளவுதான், அதற்குப் பிறகு அவர் அந்தக் கதையை எடுத்ததே இல்லை.

அன்று வீட்டுக்குப் போனபோது கணவர் வாசலில் நின்று, வழக்கம்போல் "கவனமா இருந்தனீயோ?" என்று கேட்டார். அவரைக் காப்பாற்றுகிறேன் என்றுதான் அத்தனை கவனமும், அத்தனை அதட்டலும். என்னைச் சுற்றி நின்றவர்களின் மூக்கையெல்லாம் அடைத்துவிட்டு, கதவையும் சாத்திவிட்டு, கையில் நெருப்புக்குச்சியோடு நின்றவள் நான்தான். உங்களால் என் மனுசன் சாக வேண்டுமா என்று ஒரு மனிதரைப் பார்த்துக் கேட்டேன். அந்த மனிதர்தான் அன்று என்னை என் மனுசனிடம் உயிரோடு திருப்பி அனுப்பினார்.