எந்தத் தேதியில் கேட்டீர்கள்?

வெர்னா ஸ்டிடம் இருபத்தாறு வருடம் பள்ளிப் பேருந்து ஓட்டியவள். கென்டக்கி மலையில் பனி உறைந்த வளைவுகளில் ஐம்பது பிள்ளைகளை ஏற்றி இறக்கியவளுக்கு, கோட்டு போட்டவர்களைக் கண்டு நடுங்கும் பழக்கம் வரவில்லை. ஓய்வு பெற்ற அடுத்த மாதமே, பெற்றோரிடமிருந்து பிரித்து அரசு வேறு வீடுகளில் வளரவிடும் குழந்தைகளுக்காகச் சிறார் நீதிமன்றத்தில் பேசும் தன்னார்வலராகச் சேர்ந்தாள். நான்கு வருடத்தில், புதிதாக வருகிறவர்களைப் பழக்கும் வேலையும் அவள் தலையில் விழுந்தது.

தேவாலயத்தின் அடித்தள அறையில்தான் வகுப்பு. அந்த இலையுதிர் காலத்தில் ஒன்பது பேர் வந்திருந்தார்கள்.

"நீங்க வக்கீல் இல்ல. அம்மாவும் இல்ல" என்று முதல் நாளே சொன்னாள். "பிள்ளைய வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறேன்னு கிளம்பாதீங்க. போய்ப் பாருங்க. டீச்சரக் கேளுங்க, டாக்டரக் கேளுங்க, பிள்ளையக் கேளுங்க. என்னிக்குக் கேட்டீங்கன்னு தேதி போட்டு எழுதுங்க."

பிறகு ஒவ்வொருவரையும் எழுப்பி அறிக்கை வாசிக்கச் சொல்வாள். பாதியில் அரசு வக்கீல் மாதிரி மேஜையைத் தட்டி, "உட்காருங்க" என்று அதட்டுவாள். முடிதிருத்தும் கடைக்காரர் ஆர்வில் சட்டென்று உட்கார்ந்துவிட்டார்.

"ஏன் உட்கார்ந்தீங்க?"

"நீங்கதான சொன்னீங்க."

"நீதிபதி சொன்னா உட்காருங்க. வக்கீல் சொன்னா நில்லுங்க. எழுந்திரிங்க, மறுபடி."

இது குழந்தைகள் நலத்துறையின் வக்கீல் லாங்லியின் காதுக்குப் போயிற்று. துறையை எதிர்க்கத் தூண்டுகிறாள் என்று புகார்க் கடிதம் வந்தது. தன்னார்வலர் அமைப்பை நடத்தும் ஜோலீன் கடிதத்தோடு வந்தாள்.

"அந்த ஒரு பயிற்சிய மட்டும் விட்டுருங்க வெர்னா. மன்னிப்புன்னு ரெண்டு வரி எழுதிக் குடுத்தா முடிஞ்சு போகும்."

"எழுத மாட்டேன். என்னை வேணா நிறுத்திக்கோ."

நிறுத்த ஜோலீனால் முடியாது. பேச ஆளில்லாமல் எண்பது பிள்ளைகள் பட்டியலில் காத்திருந்தார்கள். பழக்குவதற்கு வேறு ஆளும் இல்லை.

அடுத்த வாரம் வெர்னாவின் வழக்கே விசாரணைக்கு வந்தது. டாரா, பதினொரு வயது. இரண்டு வருடத்தில் ஐந்து வீடு மாறியவள். இப்போது அவளை வளர்க்கும் கிப்ஸ் அம்மா வீட்டில்தான் முதன்முறையாக வாய்விட்டுச் சிரிக்கிறாள் என்று அவள் டீச்சர் சொல்லியிருந்தார். அவளை இருநூறு மைலுக்கு அப்பால் உள்ள குழந்தைகள் விடுதிக்கு மாற்றத் துறை அனுமதி கேட்டது. நீதிமன்றத்தை நேரில் பார்ப்பதும் பயிற்சியில் சேர்த்தி என்பதால், நீதிபதியின் அனுமதியோடு ஒன்பது பேரும் பின்வரிசையில் இருந்தார்கள்.

லாங்லி வாசித்தார்: "மாற்றத்துக்குக் குழந்தைக்கு ஆட்சேபணை இல்லை."

வெர்னா எழுந்தாள். "அய்யா, ஒரே கேள்வி. அவளை யார் கேட்டாங்க? எந்தத் தேதியில?"

"இவங்க நிபுணர் இல்ல அய்யா, பஸ் ஓட்டினவங்க" என்றார் லாங்லி. "உட்காருங்கம்மா."

அவள் உட்காரவில்லை. மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கண் நீதிபதி மேலேயே இருந்தது.

நீதிபதி கண்ணாடியைக் கழற்றினார். "நியாயமான கேள்விதான். எந்தத் தேதி?"

லாங்லி காகிதங்களைப் புரட்டினார். பக்கத்திலிருந்த, டாராவுக்குப் பொறுப்பான துறை ஊழியர் மெரிடித், முப்பது வயதுகூட ஆகாதவள், மெல்ல எழுந்தாள்.

"யாரும் கேக்கல அய்யா. ஆகஸ்ட்டுக்கு அப்புறம் நான் அவளைப் போய்ப் பார்க்கவே இல்ல. போன அறிக்கையில இருந்த வரிய அப்படியே எடுத்துப் போட்டுட்டேன்."

"நான் நேத்து சாயங்காலம் கேட்டேன் அய்யா" என்றாள் வெர்னா. "விடுதின்னா என்னன்னு அவ என்னைத் திருப்பிக் கேட்டா. அவளுக்கு யாரும் சொல்லவே இல்ல."

நீதிபதி மாற்றத்தை முப்பது நாளுக்கு நிறுத்திவைத்தார். டாராவைத் தன் அறைக்கு வரவழைத்துத் தானே பேசினார். பள்ளி ஆண்டு முடியும்வரை கிப்ஸ் அம்மா வீட்டிலேயே இருக்கட்டும் என்று உத்தரவானது. அதற்கு மேல் என்ன என்று யாருக்கும் தெரியாது. வெர்னாவுக்கு அது போதவில்லை. அடுத்த விசாரணைக்கு அன்றைக்கே குறிப்பெடுக்க ஆரம்பித்துவிட்டாள்.

லாங்லி இரண்டாவது புகாரும் எழுதினார். வகுப்பில் இரண்டு பேர், இந்தச் சண்டை நமக்கு ஒத்துவராது என்று விலகிக்கொண்டார்கள். மீதி ஏழு பேருக்கும் மேஜை தட்டல் குறையவில்லை.

வெர்னா மெரிடித்துக்குப் போன் செய்தாள். "திட்டக் கூப்பிடல. இவங்களுக்கு உன் வேலை எப்படின்னு தெரியணும். வந்து சொல்லு."

வருவாள் என்று யாரும் நினைக்கவில்லை. வந்தாள். மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து, கொடுத்த பீன்ஸ் சூப்பைத் தொடாமல் பேசினாள்.

"நாப்பத்தொரு பிள்ளைங்க என் பொறுப்புல. மூணு பேர் பேரைச் சொன்னா முகமே ஞாபகம் வரல."

ஆர்வில் கையைத் தூக்கினார்.

"கோர்ட்ல நாங்க எழுந்து கேட்டா உங்களுக்குக் கோபம் வராதாம்மா?"

"வரும்" என்றாள் மெரிடித். "அப்பவும் கேளுங்க."